கபடிப் பள்ளி கோ-கோ பள்ளியான கதை

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியை ரேவதி, போன மாதம் செஞ்சி கடைவீதியில் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க யுனிவர்சிட்டி கபடி பிளேயராமே? பழைய டீச்சருங்க சொன்னாங்க. அப்புறம் எப்படி சார் நம்ம ஸ்கூல் கோ-கோ ஸ்கூல் ஆச்சு? பசங்க டி.வி.யில கபடி பாத்துட்டு, மேட் வாங்கிக் குடுங்க மிஸ்னு உசுர வாங்கறானுங்க. பொண்ணுங்க கிரவுண்ட விட மாட்டேங்குதுங்க. நான் யாருக்கு இன்னா பதில் சொல்றது?"

தக்காளிக் கடையில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் ஒரு தலைமை ஆசிரியையைப் பற்றியும், ஒரு பையனைப் பற்றியும், கேட்காமலே மைதானத்தில் பாதியை எடுத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றியும்தான்.

என் படிப்பை ஒரு வரியில் முடித்துவிடலாம். உடற்கல்விக் கல்லூரியில் விடியும் முன்பே எழுப்பி ஓடவிட்டார்கள், ஓடினேன். கபடி எனக்குப் பிழைப்புக் கொடுத்தது. பாடிப் போகிறவனாக இல்லை, பிடிக்கிறவனாக. என் இடது தோள் இன்றும் மழைக்காலத்தில் அதைச் சொல்லும். அங்கே இங்கே வேலை பார்த்து, கடைசியில் செஞ்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஊருக்குச் சற்று வெளியே இருந்த அரசு மேல்நிலைப் பள்ளி அது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது. மைதானத்தில் நின்றால் மேற்கே ராஜகிரி தெரியும். மலை அழகுதான். ஆனால் அந்த மலையின் உறவுக்காரக் கற்கள் எங்கள் மைதானத்துக்கு அடியிலும் இருந்தன. ஒவ்வொரு மழைக்கும் புதிதாகச் சில தலை நீட்டும். கபடிக் களம் தயார் செய்வது என்றால் அங்கே பெரிய வேலை. மண்ணை முழங்கை ஆழத்துக்குக் கொத்த வேண்டும், சல்லடையில் சலிக்க வேண்டும், ஆற்று மணல் கொஞ்சம் கலக்க வேண்டும், முதல் நாள் மாலையே தண்ணீர் தெளித்து வைக்க வேண்டும். காலையில் காலை வைத்தால் மண் குதிகாலை வாங்கிக்கொள்ள வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பதம் வரும் வரை பையன்களை உள்ளே விட மாட்டேன்.

செஞ்சியைச் சுற்றி எந்தக் கிராமத்திலும் பொங்கல் என்றால் கபடிப் போட்டிதான். அப்பா ஆடியிருப்பார், சித்தப்பா ஆடியிருப்பார், பையன் நடக்கப் பழகும்போதே தொடையைத் தட்டிக் காட்டுவான். எங்கள் பள்ளி குறுவட்டப் போட்டிகளில் தொடர்ந்து கபடிக் கோப்பை எடுத்துக்கொண்டிருந்தது. பேருந்தில் பள்ளியின் பெயரைச் சொன்னால் நடத்துநர், "கபடி ஸ்கூலா?" என்று கேட்டுத்தான் டிக்கெட்டைக் கிழிப்பார். பாத்திரக்கடை ராமு என்ற பழைய மாணவர் வருடா வருடம் பையன்களுக்குச் சட்டை எடுத்துத் தருவார். போட்டி நாளில் கடையை மூடிவிட்டுக் குடையோடு வந்து நிற்பார்.

வேதவல்லி அம்மா தலைமை ஆசிரியையாக வந்தபோது எல்லாம் இப்படித்தான் இருந்தது.

கணக்கு ஆசிரியையாக இருந்து உயர்ந்தவர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் திறந்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்பார். நடுவில் "அப்புறம்?" என்பார். சொல்கிறவர் சொல்ல நினைத்ததைவிட அதிகமாகச் சொல்லிவிடுவார். பேனாவை மூடிவிட்டால் முடிவு எடுத்தாயிற்று என்று அர்த்தம். அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்பது எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே தமிழ்நாட்டில் உள்ள உடற்கல்வி ஆசிரியர்கள் அத்தனை பேரும் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். பி.டி. பீரியட் என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் பீரியட். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் வாங்குவார், ரெக்கார்டு எழுத வேண்டும் என்று அறிவியல் டீச்சர் வாங்குவார். பிள்ளைகள் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு நாள் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஒன்பதாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கேட்டு அம்மாவின் அறைக்குப் போனார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"எதுக்கு சார்?"

"ஒளிவிலகல் பாக்கி இருக்குது மேடம்."

"அப்புறம்?"

"ரெண்டு கணக்கு போட்டுட்டா முடிஞ்சிடும்."

"சரி. நாளைக்கு உங்க பீரியட்ல பி.டி. சார் வந்து பசங்கள ரெண்டு ரவுண்டு ஓட விடட்டுமா?"

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடினார். அன்றிலிருந்து எங்கள் பள்ளியில் பி.டி. பீரியடை யாரும் கடன் கேட்டதில்லை. கணக்குப் பாடம் எடுத்த ஒருவர் இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

இப்போது ஏழுமலைக்கு வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு. கபடி அணித் தலைவன். அவனுடைய நைனா கோவிந்தன் நெல் கொள்முதல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். அந்தத் தோள் பையனுக்கும் வந்திருந்தது, ஆனால் கால் மட்டும் யாருடையதோ. பாடிப் போனான் என்றால் எதிர்க்கட்சியில் ஏழு பேரும் பின்னால் நகர்வார்கள். கோட்டைத் தொட்டுவிட்டு, பாதி உடம்பைக் காற்றில் திருப்பி, ஒருவனுடைய தோளைத் தட்டிவிட்டுத் திரும்புவான். நான் பார்த்த பள்ளிக்கூடப் பையன்களில் அவனைப் போலப் பாடியவன் இல்லை. அவனுக்கும் அது தெரியும். அவன் ஒருவனே போய் ஒருவனே ஜெயித்து வருவான், மற்றவர்கள் கை தட்டுவார்கள். அணி என்பது அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது.

குறுவட்ட இறுதி ஆட்டம். எதிரில் ஒரு தனியார் பள்ளி. ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான், இரண்டு பக்கமும் சமம். ஏழுமலை பாடிப் போனான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டான். திரும்பி வரும்போது நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் விசில். மூச்சு விட்டுவிட்டான், அவுட் என்றார் நடுவர்.

நடுவர் சேகர் பனமலைக்காரர், வேறொரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஒல்லியான மனிதர், கனமான கண்ணாடி. ஏழுமலை அவரைப் பார்த்து, "எங்க சார் வுட்டேன்? எங்க வுட்டேன்?" என்று கத்திக்கொண்டே போனான். அவர் கையை உயர்த்தியபடியே நின்றார். ஏழுமலை இரண்டு கைகளாலும் அவர் மார்பில் ஒரு தள்ளு தள்ளினான். அவர் பின்னால் விழுந்தார். கண்ணாடி தெறித்து யாருடைய காலிலோ மிதிபட்டது. அதற்குள் இரண்டு பக்கத்துக் கூட்டமும் உள்ளே இறங்கிவிட்டது. போலீஸ் வந்துதான் விலக்கியது. எங்கள் பள்ளியைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

மறுநாள் காலை அம்மாவின் அறையில் இடமில்லை. ராமு, பெற்றோர் சங்கத்தினர், பழைய ஆட்டக்காரர்கள், நான். ராமுதான் பேசினார்.

"மேடம், பையன் செஞ்சது தப்புதான். இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ரெஃப்ரி தப்பா குடுத்தாரு. நான் பக்கத்துலயே நின்னேன். பையன் பாட்டு வுடவே இல்ல."

"அப்புறம்?"

"கபடிதான் மேடம் நம்ம ஸ்கூலுக்குப் பேரு. இதப் பெருசு பண்ணாம வுட்டுடுங்க."

"பேரு" என்று அம்மா அந்தச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "நேத்தும் கபடிதான் நம்ம பேரச் சொல்லிச்சு. என்னா பேருன்னு காதுல வாங்கினீங்களா?"

அம்மா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"இந்த வருஷம் நம்ம ஸ்கூல்ல கபடி கிடையாது. அடுத்த வருஷப் போட்டிக்கு வரலாம்."

பேனாவை மூடினார்.

அவர்கள் போன பிறகு நான் தயங்கி நின்றேன். பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டது. கேட்டேன்.

"டி.சி. குடுத்தா நமக்குப் பிரச்சனை முடிஞ்சிடும் சார். வேற ஸ்கூலுக்குப் போயி, அங்க இன்னொருத்தரத் தள்ளுவான். அவன் அப்பாவ வரச் சொல்லுங்க. சேகர் சார் வீட்டுக்குப் போயிட்டு வரலாம்."

"அவன மட்டும் அனுப்பிடலாம் மேடம்."

"நம்ம ஸ்கூல் சட்ட போட்டுக்கிட்டுத்தானே தள்ளினான்? நானும் வரேன்."

ஒரு தலைமை ஆசிரியை, ஒரு மாணவன் செய்ததற்காக, இன்னொரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் வீட்டுக்குப் போய் நிற்பது என்பது எங்கள் உலகத்தில் நடக்கிற காரியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் பனமலைக்குப் பேருந்து ஏறினோம். கோவிந்தன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். வழி முழுக்க மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழுமலை ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லாட்டைக் கொல்லைகளில் கடலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் குன்றின் மேல் கோயில் தெரிகிற தெருவில் சேகர் வீடு. பழைய கண்ணாடி ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார். அதன் காதுப் பக்கம் நூல் சுற்றியிருந்தது. எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலி எடுத்து வந்தார். அம்மா உட்காரவில்லை.

"சார், எங்க ஸ்கூல் பையன் உங்களக் கை வச்சுத் தள்ளிட்டான். மன்னிப்புக் கேக்க வந்திருக்கோம்."

கோவிந்தன் சட்டென்று குனிந்து அவர் காலைத் தொடப் போனார். சேகர் அவர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். "இன்னாண்ணே இது! வயசுல பெரியவரு. வுடுங்க." பிறகு ஏழுமலையைப் பார்த்தார். கோபம் இல்லை அந்த முகத்தில். கேட்டே ஆக வேண்டிய ஒன்று மட்டும் இருந்தது.

"தம்பி, ஒன்னே ஒன்னு கேக்கறேன். உன்ன வச்சு இவ்ளோ பேரு நான் தப்பா குடுத்தேன்னு சொல்றாங்க. எனக்கே சந்தேகமாப் போச்சு. ரெண்டு நாளா தூக்கமில்ல. நீ சொல்லு. மூச்சு வுட்டியா, வுடலியா?"

ஏழுமலை தரையைப் பார்த்தான். உள்ளே யாரோ குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது. அம்மா அவனை அவசரப்படுத்தவில்லை. "அப்புறம்?" என்றுகூட கேட்கவில்லை.

"வுட்டேன் சார்" என்றான்.

கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று தோன்றியது. அவன் தொடர்ந்தான், குரல் உடைந்து. "கோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே வுட்டுட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். நீங்க கையத் தூக்குனதும் இன்னா பண்றேன்னே தெரியல சார்."

சேகர் அந்த நூல் சுற்றிய கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். "அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்குது. கண்ணாடி மட்டும்தான் போச்சு. அது பரவால்ல, வேற மாட்டிக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்குக் கண்ணீர் வந்தது. அவர் மனைவி எல்லோருக்கும் காபி கொண்டுவந்தார். முதல் டம்ளரை ஏழுமலைக்குக் கொடுத்தார்.

அந்த வருடம் மாலை நேரங்களில் நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். சலித்து, பதப்படுத்தி வைத்த என் கபடிக் களம் சும்மா கிடந்தது. பையன்கள் சுவரோரம் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பெண் பிள்ளைகளில் கொஞ்சம் பேர் வெகுநாளாக மைதானத்து மூலையில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த மூலையில்தான் கல் அதிகம். இரண்டு சவுக்குக் கட்டைகளை நட்டு, காலால் கோடு கிழித்து அவர்களாகவே ஆடுவார்கள். நான் போய்ப் பார்ப்பதுண்டு, விதிகளைச் சொல்லிக் கொடுத்ததுண்டு, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பூங்கொடி, ஒன்பதாம் வகுப்பு. தளவானூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். குச்சி போல இருப்பாள். ஒரு மாலை என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய முட்டியில் புதிதாக ஒரு சிராய்ப்பு.

"சார், அந்த எடம் சும்மாத்தான கெடக்குது?"

"கெடக்குது. அதுக்கு?"

"கட்டைய நட்டுட்டோம் சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

திரும்பிப் பார்த்தேன். கபடிக் களத்தின் இரண்டு முனையிலும் சவுக்குக் கட்டைகள் நின்றன. எனக்குக் கோபம் வருவதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"எங்களோட ஆட எதிர் டீம் இல்ல சார். இவனுங்க சும்மா குந்திகினுதான இருக்கானுங்க. ஆடச் சொல்லுங்களேன்."

கபடிப் பையன்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தான். பனமலைக்குப் போய் வந்ததிலிருந்து அவன் அதிகம் பேசுவதில்லை.

கோ-கோ தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. துரத்துகிற அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருவர் இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவர் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள்தான் துரத்துவார். அவர் வரிசைக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் போகக் கூடாது. கிளம்பிய திசையிலிருந்து திரும்பக் கூடாது. நடுக்கோட்டை மிதிக்கக் கூடாது. ஓடுகிறவள் அந்தப் பக்கம் தாவிவிட்டால், குந்தியிருக்கும் ஒருவரின் முதுகைத் தொட்டு "கோ" என்று சொல்லி, அவரை எழுப்பிவிட்டுத் தான் அந்த இடத்தில் உட்கார வேண்டும். எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும் இதில் தனியாக ஜெயிக்க வழியில்லை.

முதல் நாள் ஏழுமலைக்கு அது புரியவில்லை. பூங்கொடியைத் தானே பிடித்துவிடுவது என்று துரத்தினான். அவள் இரண்டு பையன்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் நின்றாள். இவனும் புகுந்தான், விசில் அடித்தேன். மறுபடி துரத்தினான், மறுபடி விசில். "கோ குடுடா! கோ குடு!" என்று குந்தியிருந்தவர்கள் கத்தினார்கள். அவன் கொடுக்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு முழங்காலில் கை வைத்து நின்றான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்தான். அந்த வருடத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பையனும் பெண்ணும் சேர்ந்து ஆடினால் ஊர் சும்மா இருக்குமா? பூங்கொடியின் நைனாவே வந்துவிட்டார். வேதவல்லி அம்மா அன்றாடம் மாலையில் விடைத்தாள் கட்டோடு மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்குக் காரணம் அவர் யாரிடமும் சொல்லவில்லை, எங்களுக்குப் புரிந்தது.

"மேடம், வயசுப் பொண்ணு. பசங்களோட ஓட வுடறீங்களே, நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்றார் அவர்.

"நாலு பேர்ல நீங்க ஒருத்தர்தான் நேர்ல வந்து கேட்டீங்க. உக்காருங்க. பாருங்க. தப்பாத் தெரிஞ்சா இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க."

இன்னொரு நாற்காலி வந்தது. அவர் விறைப்பாக உட்கார்ந்தார். அவர் மகள் ஒருவர் பின் ஒருவராகக் கபடிப் பையன்களை மூச்சு வாங்க வைத்தாள். இருட்டும் வரை பார்த்தார், மகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அவ்வளவுதான், இனி வர மாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் மாலை அவரே சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, நாற்காலியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த வார முடிவில் அவர் எழுந்து நின்று, "கட்டையச் சுத்தி ஓடுடி, கட்டையச் சுத்தி!" என்று கத்தியதில் அம்மாவின் கையிலிருந்த விடைத்தாள் கீழே விழுந்தது.

பையன்கள் மெல்லப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். கபடியில் பாடிப் போகிறவன் கடைசி நொடியில் உடம்பை நீட்டித் தொடுவானே, அந்தப் பாய்ச்சலை ஏழுமலை பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். மார்பு தரையில் படாமல், கை முதலில், பிறகு தோள், பிறகு உருளல். நான் சலித்துப் பதப்படுத்திய மண் அதற்கென்றே செய்தது போல இருந்தது. கல் மூலையில் ஆடிக்கொண்டிருந்தவரை அவர்களால் பாயவே முடிந்திருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வருடப் போட்டி வந்தது. கபடிக்குத் தடை நீங்கிவிட்டது. களம் யாருக்கு என்று கேள்வி வந்தபோது அம்மா ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டார். "காலைல நாங்க ஆடிக்கறோம் மேடம். சாயங்காலம் அதுங்க ஆடட்டும்" என்றான். கபடி அணி அரையிறுதியில் தோற்றது. நடுவரிடம் கை கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

அந்த ஆட்டத்துக்கு நடுவர் சேகர்.

எங்கள் பக்கத்துக் கூட்டம் அவரைப் பார்த்ததுமே முணுமுணுத்தது. ராமு என் காதில், "இந்தாளயா போட்டாங்க?" என்றார். ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தது. எங்கள் பெண்கள் துரத்துகிறார்கள். ஒருவரைத் தொட்டால் சமம். பூங்கொடி கோ வாங்கி எழுந்தாள். எதிரணிப் பெண் கட்டையை நோக்கி ஓடினாள். பூங்கொடி பாய்ந்தாள், கை முதலில், பிறகு தோள். அவள் விரல் அந்தப் பெண்ணின் குதிகாலைத் தொட்டதை எல்லோரும் பார்த்தோம். கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது.

சேகர் விசில் அடித்து ஃபவுல் என்றார். பாய்வதற்கு முன் பூங்கொடியின் கால் நடுக்கோட்டை மிதித்துவிட்டது, அவுட் செல்லாது. அடுத்த விசிலில் நேரம் முடிந்தது.

பிறகு எங்கள் பக்கத்திலிருந்து குரல்கள். "பழைய கடுப்பு தீத்துக்கறான்டா!" யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை எறிந்தார்கள். முன்வரிசையில் நின்றவர்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே காலை வைத்தார்கள். அப்போது கட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஏழுமலை களத்துக்குள் ஓடினான். நேராகச் சேகரை நோக்கி. நானும் ஓடினேன்.

சேகருக்கு முன்னால் போய் நின்று, அவருக்கு முதுகைக் காட்டி, எங்கள் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தான்.

"ஃபவுல்தான்! நான் பாத்தேன்! கால் கோட்டு மேல இருந்துச்சு! வெளிய போங்க எல்லாரும்!"

ராமு வாயைத் திறந்தபடி நின்றார். உள்ளே காலை வைத்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். அவன் கையை இறக்கவே இல்லை. சேகர் பின்னாலிருந்து அவன் தோளில் கை வைத்த பிறகுதான் இறக்கினான். நான் வேதவல்லி அம்மாவைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார். எப்போதும் நேராகவே வைத்திருக்கும் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

பூங்கொடிக்குத்தான் ஆறவில்லை. பேருந்தில் அவனிடம் சண்டைக்குப் போனாள். "ஏன்ணா, நீ எங்க பக்கமா, அவங்க பக்கமா?" அவள் பல நாள் அவனோடு பேசவில்லை. பிறகு ஒரு மாலை களத்துக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "அந்தப் பாய்ச்சல இன்னொரு தடவ சொல்லிக் குடுண்ணா. கோட்ட மெறிக்காம."

அதற்கடுத்த வருடம் அவள் தலைமையில் எங்கள் பெண்கள் குறுவட்டம் ஜெயித்தார்கள், மாவட்டம் ஜெயித்தார்கள், மாநிலப் போட்டி வரை போனார்கள். அதிலிருந்து இன்று வரை தொடர்கிறது. வேதவல்லி அம்மா பதவி உயர்வில் வேறு மாவட்டம் போனார். போகும்போதும் நாற்காலியை மைதானத்து ஓரத்திலேயே விட்டுப் போனார். பூங்கொடி இப்போது திண்டிவனத்துப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. போட்டிகளில் எங்கள் பள்ளிக்கு எதிராகத் தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்துவாள். தோற்றால் என்னோடு பேச மாட்டாள். ஏழுமலை அரசுப் பேருந்தில் நடத்துநர்.

ஆனால் ரேவதி, பள்ளிக்கு அந்தப் பெயர் கோப்பை வந்த பிறகு வந்ததல்ல. தோற்ற வருடத்திலேயே வந்துவிட்டது. அந்த ஜூன் மாதம் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஏழுமலை சான்றிதழ் வாங்க வந்து வாசலில் என்னோடு பேசிக்கொண்டிருந்தான். அவலூர்பேட்டைப் பேருந்திலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். ஆறாம் வகுப்பில் சேர்க்கிற வயதில் ஒரு பெண் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"இன்னா தம்பி, கோ-கோ ஸ்கூலு இதானே?" என்று அவனிடம் கேட்டார்.

கபடி அணித் தலைவனாக இருந்தவன் அவன். நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

"இதாம்மா. உள்ள போங்க, கிரவுண்டு பின்னாடி இருக்குது."

"நீயும் இங்கதான் படிச்சியா? கோ-கோ ஆடுனியா?"

"ஆடுனேம்மா" என்றான் ஏழுமலை. "பொண்ணுங்ககிட்ட தோத்துகினே இருந்தேன்."

சொல்லிவிட்டு அந்தச் சிறுமிக்கு வழிவிட்டு நின்றான்.